புதுச்சேரியில் அலங்கார நீரூற்று: அழகைப் பார்க்கும் முன் தண்ணீரைப் பார்க்க வேண்டும்

புது வீடு கட்டி முடிக்கும்போது, கடைசியாகச் செலவு செய்யும் பொருட்களின் பட்டியலில் இப்போது நீரூற்றும் சேர்ந்துவிட்டது. வாசலில் ஒரு கல் பானை, அதன் வாயிலிருந்து வழியும் தண்ணீர். வரவேற்பறைச் சுவரில் கண்ணாடி மீது இறங்கும் தண்ணீர்த் திரை. ஒயிட் டவுன் கஃபேயின் நடுமுற்றத்தில் மூன்றடுக்குத் தொட்டி. கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட் என்றால் கேட்கவே வேண்டாம், நுழைவாயிலிலேயே ஃபவுன்டன் பீச்சி அடிக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்கும் கேள்விகளும் ஏறக்குறைய ஒன்றுதான். "எவ்ளோ உயரம் அடிக்கும்? லைட் கலர் மாறுமா? வாஸ்துப்படி எந்த மூலையில வைக்கணும்?" கடைக்காரரும் சளைக்காமல் பதில் சொல்வார். யாரும் கேட்காத கேள்விகள் இரண்டு உண்டு. இதில் ஊற்றப் போகும் தண்ணீர் எப்படிப்பட்டது? வாராவாரம் இதைக் கழுவப் போவது யார்?

வேறு ஊரில் இந்தக் கேள்விகளைக் கேட்காமல்கூடத் தப்பிக்கலாம். புதுச்சேரியில் முடியாது. கடற்கரை ஊர், உப்புக் காற்று, நிலத்தடி நீரை நம்பிய வாழ்க்கை, ஆண்டு முழுவதும் கொசு. இந்த நான்கையும் கணக்கில் எடுக்காமல் வாங்கிய ஃபவுன்டன், முதல் ஆண்டு அழகு. இரண்டாம் ஆண்டு வெள்ளைக் கறை. மூன்றாம் ஆண்டு துணி காயப்போடும் இடம். ஊருக்குள் ஒரு சுற்று சுற்றினால், காய்ந்துபோன தொட்டிக்குள் சருகும் பிளாஸ்டிக் கப்பும் கிடப்பதைப் பார்க்கலாம்.

அதற்காக நீரூற்றே வேண்டாம் என்பதில்லை. இந்த ஊருக்கு ஏற்ற நீரூற்று எது என்பதுதான் கேள்வி.

தண்ணீர் கொடுத்த சின்னம்

புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பது ஆயி மண்டபம். ஆளுநர் மாளிகைக்கு எதிரே, பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடம் ஒரு மன்னனுக்காகவோ போர் வெற்றிக்காகவோ எழுப்பப்பட்டதல்ல. பிரெஞ்சுப் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்காலத்தில் (1852–1870), முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் கொண்டுவரப்பட்டதன் நினைவாகக் கட்டப்பட்டது.

ஆயி யார் என்பதற்கு ஊரில் வழங்கும் கதை ஒன்று உண்டு. முத்திரையர்பாளையம் பக்கம் வந்த கிருஷ்ணதேவராயர், விளக்கொளியில் ஜொலித்த ஒரு மாளிகையைக் கோயில் என்று நினைத்துக் கும்பிட்டாராம். அது ஆயி என்ற தாசியின் வீடு. உண்மை தெரிந்ததும் ஆத்திரத்தில் வீட்டை இடிக்கச் சொன்னார். ஆயி கெஞ்சிக் கேட்டு அவகாசம் வாங்கி, தன் வீட்டைத் தானே இடித்து, அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்டினாள். நூற்றாண்டுகள் கழித்து அந்த முத்திரையர்பாளையத்துத் தண்ணீர்தான் பிரெஞ்சு நகரின் தாகத்தைத் தீர்த்தது.

கதையில் எவ்வளவு வரலாறு, எவ்வளவு கற்பனை என்பது வேறு விவாதம். ஊர் எதைக் கொண்டாடியது என்பது மட்டும் தெளிவு. தண்ணீரைக் கொடுத்தவளைக் கொண்டாடியது.

பிரான்ஸிலும் நீரூற்றுக்கு இந்தப் பொருள் இருந்தது. 1870–71 போரிலும் அதைத் தொடர்ந்த கம்யூன் கிளர்ச்சியிலும் பாரிஸ் நகரம் சீரழிந்து, ஏழைகளுக்குக் குடிநீர் எட்டாத விலைக்குப் போனபோது, ரிச்சர்டு வாலஸ் என்ற ஆங்கிலேயச் செல்வந்தர் தன் செலவில் தெருக்களில் குடிநீர் ஊற்றுகளை நிறுவினார். 1872-ல் தொடங்கிய அந்தப் பச்சை வார்ப்பிரும்பு ஊற்றுகள் இன்றும் பாரிஸின் அடையாளம். அழகாகவும் இருந்தன, குடிக்கவும் தண்ணீர் தந்தன.

இன்றைய அலங்கார நீரூற்று நேர் எதிர். அது தண்ணீர் தருவதில்லை, எடுத்துக்கொள்கிறது. எடுத்துக்கொள்வது தவறு என்றில்லை. எவ்வளவு எடுக்கிறது, பதிலுக்கு என்ன தருகிறது என்று பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

குளிர்ச்சி கிடைக்குமா?

"ஃபவுன்டன் வெச்சா வீடு ஜில்லுனு இருக்கும்" என்பது பரவலான நம்பிக்கை. டெல்லியிலோ ராஜஸ்தானிலோ இது ஓரளவு உண்மை. அங்கே கோடைக்காற்று காய்ந்த காற்று. தண்ணீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். முகலாயர்கள் தோட்டங்களில் கால்வாயும் ஊற்றும் வைத்ததற்கு அழகு மட்டும் காரணமில்லை.

புதுச்சேரியின் காற்றில் ஏற்கெனவே ஈரம் அதிகம். வேர்வையே காயாத ஊரில் ஊற்றுத் தண்ணீர் மட்டும் எப்படிக் காய்ந்து குளிர்ச்சி தரும்? டெசர்ட் கூலர் இங்கே எடுபடாமல் போவதற்கும் இதே காரணம்தான். மூடிய ஹாலுக்குள் பெரிய தண்ணீர்த் திரை வைத்தால், ஏ.சி. அந்தக் கூடுதல் ஈரத்தையும் சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். மின்கட்டணம்தான் ஏறும்.

அப்படியென்றால் இந்த ஊரில் நீரூற்று உண்மையில் தருவது என்ன? சத்தம். தண்ணீர் விழும் சத்தம் மனதை அமைதிப்படுத்துகிறது. தெருவின் ஹாரன் சத்தத்தைக் கொஞ்சம் மறைக்கிறது. அந்தச் சத்தத்துக்கு ஒரு குளம் தேவையில்லை. ஒரு சாண் உயரத்திலிருந்து மெல்லிய தாரையாக விழும் தண்ணீரே போதும். பழைய தமிழ் வீட்டு முற்றத்தில் கூரை விளிம்பிலிருந்து மழைநீர் அண்டாவில் விழும் சத்தத்தைக் கேட்டவர்களுக்கு இது புரியும்.

வாங்குபவர் மனதில் வைக்க வேண்டிய முதல் விதி இதுதான். சத்தம் கேட்க வேண்டும். தண்ணீர் பரந்து தெரிய வேண்டிய அவசியமில்லை.

உப்புக் கணக்கு

"சுத்தற தண்ணிதானே சார், ஒரு தடவை ஊத்தினா போதும்" என்று சொல்லி விற்பார்கள். பாதி உண்மை. தண்ணீர் சுற்றும், அதோடு ஆவியாகவும் செய்யும். ஆவியாவது தண்ணீர் மட்டும்தான். அதில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் தொட்டியிலேயே தங்கிவிடும். குறைந்த அளவுக்கு மறுபடி போர் தண்ணீர் ஊற்றினால், புது உப்பு பழைய உப்போடு சேரும்.

ஓர் உதாரணம். 2 மீட்டருக்கு 2 மீட்டர் அளவில், 30 சென்டிமீட்டர் ஆழத் தொட்டி. கொள்ளளவு 1,200 லிட்டர். கோடை நாளில் 6 மில்லிமீட்டர் ஆவியானால், நாளொன்றுக்கு 24 லிட்டர் போகும். அதே போர் தண்ணீரால் அதை நிரப்பிக்கொண்டே வந்தால், 50 நாளில் தொட்டியில் உப்பின் அளவு இரு மடங்காகிவிடும். டி.டி.எஸ். 1,000 இருந்த தண்ணீர் 2,000 ஆகும். குடிநீருக்கான ஐ.எஸ். 10500 தரத்தில் ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீரே கிடைக்காத இடத்தில் அனுமதிக்கப்படும் உச்சம் 2,000. ஃபவுன்டன் தண்ணீரை யாரும் குடிக்கப் போவதில்லை என்பது சரி. ஆனால் அந்த உப்பு கல்லில் வெள்ளையாகப் பூக்கும். மோட்டாரின் இறக்கையில் கெட்டியாகப் படியும். நாசிலின் துளையை அடைக்கும். ஆறு மாதத்தில் மோட்டார் போய்விட்டது என்றால், பெரும்பாலும் அது மோட்டாரின் குற்றமில்லை.

ஆகவே கடைக்குப் போகும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டி.டி.எஸ். மீட்டரால் வீட்டுத் தண்ணீரை அளந்து பார்ப்பது. கடலை ஒட்டிய பகுதியில் போர் தண்ணீரின் உப்பு, தெருவுக்குத் தெரு மாறும். பக்கத்து வீட்டு ஃபவுன்டன் நன்றாக ஓடுகிறது என்பதற்காக நம் வீட்டிலும் ஓடும் என்று சொல்ல முடியாது.

இங்கே பலர் செய்யும் ஒரு தவறு உண்டு. ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் ஃபவுன்டனில் ஊற்றுவது. எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்தத் தண்ணீரில்தான் உப்பு மிக அதிகம். அதைத் தரை கழுவப் பயன்படுத்தலாம், ஊற்றுக்கு ஆகாது.

சரியான தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. புதுச்சேரியில் ஆண்டுக்கு 1,200 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது. பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில். 50 சதுர மீட்டர் மொட்டை மாடியில் 20 மில்லிமீட்டர் மழை பெய்தாலே, சேதாரம் போக 800 லிட்டர் பிடிக்கலாம். ஒரு சிறிய ஊற்றுக்குப் பல மாதத்துக்குப் போதும். அதே போல ஏ.சி. குழாயிலிருந்து சொட்டும் தண்ணீரிலும் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஈரக் காற்றுள்ள ஊரில் கஃபேயிலோ அலுவலகத்திலோ நாள் முழுக்க ஓடும் ஏ.சி.கள் பல லிட்டர் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன. அதை ஒரு கேனில் பிடித்து, குளோரின் சேர்த்து ஊற்றினால், மேல்நிரப்புத் தண்ணீருக்குத் தனிச் செலவே இல்லை.

எவ்வளவு தண்ணீர் செலவாகும்?

மேலே சொன்ன தொட்டிக்கே திரும்பலாம். ஆவியாவது மாதத்துக்கு 720 லிட்டர். மாதம் இருமுறை முழுத் தண்ணீரையும் மாற்றினால் 2,400 லிட்டர். காற்றில் சிதறுவதை விட்டுவிட்டாலும் மொத்தம் 3,000 லிட்டரைத் தாண்டுகிறது. நகரக் குடிநீர்த் திட்டங்களில் ஒரு நபருக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்று கணக்கு வைப்பார்கள். அதன்படி இந்த ஒரு தொட்டி, ஒரு மனிதரின் 23 நாள் தண்ணீரைக் குடிக்கிறது.

தண்ணீர் தாராளமாகக் கிடைக்கும்வரை இது பெரிதாகத் தெரியாது. 2024 மார்ச்சில் பெங்களூரில் தட்டுப்பாடு வந்தபோது, அந்நகரக் குடிநீர் வாரியம் குடிநீரைக் கார் கழுவவும், தோட்டத்துக்கும், கட்டுமானத்துக்கும், அலங்கார நீரூற்றுகளுக்கும் பயன்படுத்தத் தடை போட்டது. மீறினால் அபராதம் 5,000 ரூபாய். தட்டுப்பாடு வந்தால் முதலில் நிறுத்தப்படுபவற்றில் ஃபவுன்டனும் ஒன்று. கிணற்று நீரையும் போர் நீரையும் நம்பி வளர்ந்த புதுச்சேரிக்கு, கடல்நீர் உள்ளே வரும் ஆபத்தும் சேர்ந்தே இருக்கிறது. நிலத்தடியிலிருந்து நல்ல தண்ணீரை அதிகமாக இழுக்க இழுக்க, அந்த இடத்துக்கு உப்புத் தண்ணீர் நகர்ந்து வரும். லட்ச ரூபாய் போட்டுக் கட்டும் ஊற்று, போர் தண்ணீர் இல்லாமல் ஓடுமா என்பதையும் அப்போதே யோசித்துவிடுவது நல்லது.

கொசு விஷயத்தில் சலுகை இல்லை

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு சாக்கடையைத் தேடிப் போவதில்லை. அதற்குத் தெளிந்த, அசையாத தண்ணீர் வேண்டும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய 7 முதல் 10 நாள் போதும். ஓடிக்கொண்டிருக்கும் ஊற்றில் அது முட்டையிடுவது குறைவு. ஆபத்து, ஊற்றை நிறுத்தி வைக்கும் நாட்களில்தான். மோட்டார் பழுது, பத்து நாள் வெளியூர்ப் பயணம், "கரண்ட் பில் ஏறுது, கொஞ்ச நாள் ஆஃப் பண்ணி வைப்போம்" என்ற முடிவு. இவை போதும்.

தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது. ஏடிஸ் முட்டை தொட்டியின் பக்கச் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையில் மாதக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரியும். எனவே வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுச் சுவரைத் தேய்க்க வேண்டும். இதைத் தவிர்க்க வழியில்லை.

இந்த விஷயத்தில் புதுச்சேரிக்கு ஒரு தனித் தகுதியும் உண்டு. கொசு ஆராய்ச்சிக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் 1975 முதல் இங்கே இயங்குகிறது. யானைக்கால் நோய் வாட்டிய இந்த ஊரில், 1980-களில் கொசு உற்பத்தியாகும் இடங்களைக் குறிவைத்து அந்த மையம் பெரிய அளவில் வேலை செய்தது. கொசுப்புழுவைக் கொல்லும் பி.டி.ஐ. என்ற பாக்டீரியா மருந்தையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், காசு கொடுத்து வாங்கிய அலங்காரப் பொருள் கொசுத்தொட்டியாக மாறுவது நியாயமில்லை.

பெரிய தொட்டியென்றால் கப்பி மீன் விடலாம், புழுவைத் தின்றுவிடும். ஆனால் மீன் இருக்கும் தண்ணீரில் குளோரின் போட முடியாது. மீனா, மருந்தா என்று முதலிலேயே முடிவு செய்ய வேண்டும்.

கடைக்கும் ஹோட்டலுக்கும் கூடுதல் பொறுப்பு

வீட்டில் வைக்கும் ஊற்றால் கெடுதல் வந்தால் அது ஒரு குடும்பத்தோடு போகும். வணிக இடத்தில் அப்படியில்லை. லெஜியோனெல்லா என்றொரு பாக்டீரியா உண்டு. ஏறக்குறைய 25 முதல் 45 டிகிரி செல்சியஸ் வெப்பத் தண்ணீரில் நன்றாக வளரும். புதுச்சேரித் தண்ணீர் ஆண்டின் பெரும்பகுதி இந்த வெப்பத்தில்தான் இருக்கிறது. அந்தத் தண்ணீர் நுண்துளியாகச் சிதறி மூச்சோடு உள்ளே போனால், கடுமையான நிமோனியா வரலாம். வயதானவர்களுக்கும் புகைப்பவர்களுக்கும் ஆபத்து அதிகம். 1992-ல் அமெரிக்காவின் ஆர்லாண்டோ நகரில் ஒரு ஹோட்டலில் தங்கியவர்களுக்கு இந்த நோய் வந்தபோது, விசாரணை போய் நின்ற இடம் அந்த ஹோட்டலின் அலங்கார நீரூற்று.

பயப்பட வேண்டியதில்லை, பராமரிக்க வேண்டும். குளோரின் அளவைச் சோதித்துப் பார்க்க ஒருவர், வாராந்திரக் கழுவலுக்கு ஒரு பதிவேடு, நிறுத்தி வைத்த ஊற்றை மறுபடி ஓடவிடும் முன் முழுத் தண்ணீரையும் மாற்றும் வழக்கம். இந்த மூன்றும் இல்லாத ஹோட்டலும் துணிக்கடையும் ஃபவுன்டன் வைக்காமல் இருப்பதே நல்லது. பனிபோல நுண்துளியைத் தெளிக்கும் வகையை மூடிய கூடத்துக்குள் தவிர்க்க வேண்டும்.

மருத்துவமனைகளுக்கு இன்னும் கறாரான விதி பொருந்தும். நோயாளிகள் இருக்கும் பகுதியில் அலங்கார நீரூற்று வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் வழிகாட்டியிருக்கிறது. வெளிமாவட்ட மக்களும் சிகிச்சை தேடி வரும் ஊர் இது. இங்கே கிளினிக் வரவேற்பறையில் ஊற்று வைப்பதற்குப் பதில் ஒரு சுத்தமான குடிநீர்க் குழாய் வைத்தால், காத்திருப்பவர்கள் வாழ்த்துவார்கள்.

கல்லா, மண்ணா, ஃபைபரா?

உப்புத் தண்ணீரையும் உப்புக் காற்றையும் தாங்குவதில் கருங்கல்லுக்கு இணையில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் மாமல்லபுரம். அங்கே கற்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. எடைதான் பிரச்சினை. மாடியிலோ பால்கனியிலோ வைக்கும் முன், கல்லின் எடையோடு தண்ணீரின் எடையையும் கூட்டிப் பொறியாளரிடம் கேட்க வேண்டும். 200 லிட்டர் தண்ணீர் என்றால் 200 கிலோ.

வில்லியனூர் சுடுமண் வேலைப்பாட்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. உள்ளூர்க் கைவினைஞரிடம் வாங்கும் ஒரு சுடுமண் பானை ஊற்றுக்குத் தனி அழகு. ஆனால் மண் தண்ணீரை உறிஞ்சும். உப்பு உள்ளே புகுந்து காயும்போது மேற்பரப்பு செதில் செதிலாக உதிரும். மழைநீர் மட்டும் ஊற்றுகிறவர்களுக்குச் சுடுமண் சரி. போர் தண்ணீர் என்றால் வேண்டாம்.

மார்பிளில் படிந்த வெள்ளைக் கறையை ஆசிட் போட்டு எடுத்தால் கல்லும் சேர்ந்து அரிக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்று சொல்லி விற்பதில் 304 ரகம் கடற்காற்றில் துருப்புள்ளி வாங்கும். 316 ரகம் அதைவிடத் தாங்கும். பில்லில் ரகத்தை எழுதி வாங்க வேண்டும். ஃபைபர் லேசானது, விலையும் குறைவு. மொட்டை வெயிலில் நிறம் மங்கும். நிழலில் வைத்தால் பிழைக்கும்.

கழுவும்போது ஒரு எச்சரிக்கை: ஆசிட்டையும் ப்ளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. விஷ வாயு கிளம்பும்.

மோட்டார், மின்சாரம், காற்று

மோட்டார் பெட்டியில் "அதிகபட்ச உயரம் 2 மீட்டர்" என்று போட்டிருந்தால், 2 மீட்டரில் தண்ணீர் வராது என்று பொருள். அந்த உயரத்தில் ஓட்டம் நின்றுவிடும். தேவையான உயரத்தைப் போல ஏறக்குறைய இரு மடங்கு போட்டிருக்கும் மோட்டாரை எடுத்தால்தான் ஓட்டம் நன்றாக இருக்கும்.

மின்செலவைப் பற்றிப் பயம் வேண்டாம், கணக்கு வேண்டும். 20 வாட் மோட்டார் நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் மாதம் 6 யூனிட். 500 வாட் மோட்டார் நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 120 யூனிட். இரண்டும் சத்தம் தரும். எது தேவை என்பது இடத்தின் அளவைப் பொறுத்தது.

பீச்சி அடிக்கும் ஊற்று என்றால், ஊற்றின் உயரத்தைப் போல இரு மடங்காவது தொட்டியின் அகலம் இருக்க வேண்டும். பீச் ரோட்டை ஒட்டிய வீடுகளுக்கு அதுவும் போதாது. மாலைக் கடற்காற்று தண்ணீரை வழிப்போக்கர் மேல் தெளித்துவிடும். அங்கே பீச்சும் வகையைவிட வழியும் வகைதான் சரி.

தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடத்தில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். குழந்தைகள் கை வைக்கும் இடத்தில் 12 வோல்ட் மோட்டாரும் விளக்கும் போதும். பிளக் பாயின்ட் தரையிலிருந்து நன்றாக மேலே இருக்க வேண்டும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழையைக் கொட்டியதைப் பார்த்த ஊருக்கு, இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்னொன்று, திறந்த தொட்டியில் சில அங்குலத் தண்ணீரே தவழும் குழந்தைக்கு உயிராபத்து. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் திறந்த தொட்டி வேண்டவே வேண்டாம்.

அப்போ, எதைத்தான் வாங்குவது?

மேலே சொன்ன எல்லாக் கணக்கும் ஒரே இடத்துக்குத்தான் கொண்டுபோகிறது. புதுச்சேரிக்குப் பொருத்தமானது, தொட்டி தெரியாத ஊற்று. கல்லிலிருந்தோ பானையிலிருந்தோ வழியும் தண்ணீர் கூழாங்கற்கள் மேல் விழுந்து, அதன் அடியில் வலை போட்டு மூடிய சின்ன சம்ப்புக்குள் போய், மறுபடி மேலேறும் வகை. வெயில் படும் நீர்ப்பரப்பு மிகக் குறைவு என்பதால் ஆவியாவது குறைவு. மெல்லிய வலை சரியாகப் பொருந்தினால் கொசு உள்ளே போக முடியாது. குழந்தை விழ இடமில்லை. 50 லிட்டர் தண்ணீரில் வேலை முடியும். கழுவ அரை மணி நேரம். சத்தம் மட்டும் குறையாது. சம்ப் மூடி கையால் எளிதாகத் திறக்கிறதா என்று மட்டும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். திறக்கக் கஷ்டமாக இருக்கும் மூடியை யாரும் திறக்க மாட்டார்கள், கழுவவும் மாட்டார்கள்.

முற்றம் உள்ள பழைய வீடுகளுக்கும் இதுவே பொருந்தும். முற்றம் கட்டப்பட்டதே மழையையும் வெளிச்சத்தையும் காற்றையும் உள்ளே விடத்தான். அதன் நடுவில் மூன்றடுக்கு ஐரோப்பியத் தொட்டியைக் கொண்டுபோய் வைத்து, மழைநீர் போகும் வழியை அடைத்துவிடுவது வீட்டுக்கே பகை. ஒரு மூலையில் சிறிய கல் ஊற்று, அதற்கு முற்றத்து மழைநீர் என்றால் வீட்டின் அமைப்போடு ஒட்டிப்போகும்.

வாஸ்து பார்ப்பவர்கள் ஈசானிய மூலை என்பார்கள். நம்பிக்கை உள்ளவர்கள் அங்கேயே வைக்கட்டும். அந்த மூலையில் தண்ணீர் வெளியேறும் வழி இருக்கிறதா, பிளக் பாயின்ட் இருக்கிறதா, சுவரின் மறுபக்கம் பக்கத்து வீட்டுப் படுக்கையறையா என்பதையும் சேர்த்துப் பார்த்தால் போதும். இரவெல்லாம் சளசளவென்று கேட்டால், நமக்குச் சங்கீதம், அவர்களுக்குத் தலைவலி.

வாராவாரம் கழுவ ஆளில்லை, மழைநீர் பிடிக்க வசதியில்லை, டி.டி.எஸ். மீட்டர் 1,500 காட்டுகிறது என்றால்? வாங்காமல் இருப்பதும் ஒரு நல்ல முடிவுதான். வாசலில் ஒரு உருளி, அதில் தினமும் மாற்றும் தண்ணீர், நாலு செம்பருத்திப் பூ. மோட்டாரும் இல்லை, உப்புக் கறையும் இல்லை. நேற்றைய தண்ணீர் செடிக்குப் போகும். கடைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போகலாம். ஃபவுன்டனுக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து, சித்திரை வெயிலில் கடை வாசலில் ஒரு தண்ணீர்ப் பந்தல் போடலாம். வெயிலில் வந்த மனுஷனுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்த கடையை இந்த ஊர் மறக்காது.